உங்கள் கையில் இருந்தது தொற்றாதாம்

இஞ்சாருங்கோ,

இப்படி உங்களைக் கூப்பிட்டுப் பதினொரு மாதமாகிறது. முப்பது வருடம் வாயில் இருந்த சொல். கட்டினவரைத் தவிர வேறு யாரையும் இப்படிக் கூப்பிட முடியாது. உங்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது. அதைக் கேட்டு ஆறு கிழமை, ஒன்றரை மாதம் ஆகியும் எனக்கு இன்னும் பதற்றம் அடங்கவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு எதற்கு வைத்தேன் என்று நிற்கிறேன்.

உங்கள் கையிலும் காலிலும் இருந்தது தொற்றாதாம். யாருக்கும் தொற்றாதாம். தொட்டாலும் இல்லை, ஒரே கோப்பையில் சாப்பிட்டாலும் இல்லை, ஒரே பாயில் படுத்தாலும் இல்லை.

இதை உங்கள் படத்துக்கு முன்னால் சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். சொல்லியும் பார்த்தேன், போதவில்லை. என்னைப் போல இன்னும் எத்தனை பேர் எந்தெந்த வீட்டில் எதைச் செய்துகொண்டிருக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அதனால்தான் மற்றவர்களும் வாசிக்கட்டும் என்று எழுதுகிறேன். உங்களைத் தெரியாதவர்களுக்காகத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டிவரும். பொறுத்துக்கொள்ளுங்கோ.

புங்குடுதீவில் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் பக்கத்தில் நாங்கள் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தோம். நயினாதீவுக்குப் போகிற சனமும் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருக்கிற சனமும்தான் எங்களுக்கு ஆட்கள். நான் தேத்தண்ணி ஊற்றுவேன், நீங்கள் வடை சுடுவீர்கள். உழுந்து மாவை உள்ளங்கையில் தட்டி, நடுவில் பெருவிரலால் ஒரு துளை போட்டு, எண்ணெயில் வழுக்கி விடுவீர்கள். நெடுந்தீவு ஆட்கள் படகு வெளிக்கிடப் போகிறது என்று மற்றவர்கள் கத்தினாலும் வடையை வாங்கிக்கொண்டுதான் ஓடுவார்கள்.

எங்கள் மகள் தர்சினிக்குப் பதினாலு வயது நடக்கும்போது உங்கள் வலது உள்ளங்கையில் அது வந்தது. முதலில் சிவந்து, பிறகு தோல் தடித்து, வெள்ளைச் செதிலாக உரிந்தது. "பாத்திரம் கழுவுற சவர்க்காரம் ஒத்துக்கொள்ளேல்லைப் போலை" என்றீர்கள். இரண்டு மூன்று மாதத்தில் இடது கைக்கும் வந்தது. பிறகு இரண்டு உள்ளங்கால்களும். குதிக்கால் வெடித்து இரத்தம் கசியும். நீங்கள் பாதத்தின் ஓரத்தால் நடக்கப் பழகினீர்கள். தூரத்தில் வரும்போதே அந்த நடையில் உங்களை அடையாளம் காணலாம்.

ஊரில் வைத்தியம் பார்க்கிற பரியாரியாரின் எண்ணெய் கொஞ்ச நாள் கேட்டது. பிறகு ஒரு டொக்டர் தந்த பூச்சு மருந்தும் கேட்டது. விட்டவுடன் முந்தியதிலும் பார்க்கக் கூடுதலாக வந்தது. அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். குடும்பத்தோடு நயினாதீவுக்குப் போக வந்தவள். வடையைக் கையில் வாங்கிவிட்டாள். பிறகுதான் உங்கள் கையைக் கண்டாள். வடையைத் திரும்பவும் தட்டில் வைத்துவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனாள். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த நாள் வடைச் சட்டிக்கு முன்னால் நான் நின்றேன். உங்களைப் பின்பக்கம் விறகு கொத்த விட்டேன். வெடித்த கையோடு நீங்கள் கோடரி பிடித்தீர்கள். கையில் உரசல் படக் கூடாதாம், படப் படக் கூடுமாம். இதுவும் இப்போதுதான் எனக்குத் தெரியும்.

நீங்கள் ஒருமுறை கேட்டீர்கள், "இஞ்சாரும், யாழ்ப்பாணம் போய்க் காட்டுவமே? அங்கை தோலுக்கெண்டு தனி டொக்டர் இருக்கிறாராம்."

"அங்கை எங்கட சனம் நிக்கும். ஒருத்தர் கண்டால் போதும், பெருவியாதி, குட்டம் எண்டு ஊரெல்லாம் கதைச்சுப் போடுவினம். பெட்டைக்கு நாளைக்குக் கலியாணம் பேச வேண்டாமே?" என்றேன்.

தலையாட்டினீர்கள். பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. இறங்குதுறையில் பஸ் ஏறினால் கடலுக்கு நடுவில் போட்ட தாம்போதி வீதியைத் தாண்டி விடியக் காலையிலேயே யாழ்ப்பாணம் போய்ச் சேரலாம். அவ்வளவுதான் தூரம். ஒரு பஸ்.

வீட்டில் உங்களுக்கென்று சோறு போட ஒரு எனாமல் கோப்பை, தேத்தண்ணி குடிக்க ஒரு பேணி, ஒரு துவாய் வைத்தேன். தலையணை வெளி அறைக்குப் போனது. பாயும் போனது. பதினொரு வருடம். நான் உங்களோடு சண்டை பிடித்துச் செய்யவில்லை. முகம் சுளித்தும் செய்யவில்லை. உங்களுக்குப் பிடித்த மீன் தலையை உங்கள் கோப்பையில்தான் போட்டேன். ஆனால் கை படாமல் அகப்பையால் போட்டேன். அன்பாகத்தான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு செய்தேன். இப்போது எனக்குப் பயம் தருவதே அதுதான். கோபத்தில் செய்திருந்தால் ஒருநாள் கோபம் ஆறி அதை நிறுத்தியிருப்பேனே?

ஒரே ஒரு தடவை நீங்கள் வாதாடினீர்கள். மழைநாள், கடை பூட்டியிருந்தது. வாசல் கதிரையில் இருந்துகொண்டு சொன்னீர்கள், "இது வந்து ஆறு வருசம். உமக்கு வரேல்லை, பிள்ளைக்கு வரேல்லை. தொத்துறதெண்டால் இவ்வளவுக்கும் வந்திருக்குமெல்லோ?"

"நான் கவனமா இருக்கிறபடியாலதான் வரேல்லை" என்றேன்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். மெல்லச் சிரித்தீர்கள். எழும்பி மழைக்குள் நடந்து போனீர்கள். அன்றைக்கு நீங்கள் கேட்டது எவ்வளவு நியாயமான கேள்வி. எழுத்து வாசனை தெரிந்தவள், பேப்பர் படிக்கிறவள், எனக்கு ஏன் அது உறைக்கவில்லை?

கலியாணக் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் போக ஏலாது.

தர்சினியின் கையை மாப்பிள்ளையின் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டியவர் நீங்கள். மணவறையில் அத்தனை பேருக்கும் முன்னால் அந்தக் கை தெரியும் என்று எனக்குப் பயம். மாப்பிள்ளை வீட்டார் கண்டால் என்ன நினைப்பார்கள்? நாலு நாளைக்கு முன் உங்களிடம் சொன்னேன், "அண்ணையும் மச்சாளும் தாரை வார்க்கட்டும். உங்களுக்குச் சுகமில்லையெண்டு சொல்லுவம்." கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவிவிட்டு வந்து, "சரி, உம்மட விருப்பம்" என்றீர்கள்.

அன்றைக்கு மண்டபத்தில் கடைசி வரிசையில் இருந்தீர்கள். அறுகரிசி தூவி வாழ்த்த எல்லோரும் மேடைக்கு வந்து முடிய, கடைசி ஆளாக வந்தீர்கள். ஒரு வெற்றிலையில் அரிசியை அள்ளி, இலையாலேயே பிள்ளையின் தலையில் தூவினீர்கள். கை படவில்லை. கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டார், ஒருவரும் கவனிக்கவில்லை என்று நான் நிம்மதிப்பட்டேன். நிம்மதிதான் பட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தீர்கள். ஒரு காலை நெஞ்சு நோகிறது என்று வெளி அறையில் இருந்து கூப்பிட்டீர்கள். நான் வந்து சேர முன்னமே சரிந்துவிட்டீர்கள். அன்றைக்குத்தான் உங்கள் கையைப் பிடித்தேன். பதினொரு வருடத்துக்குப் பிறகு. பிடித்துவிட்டு, பிறகு போய்ச் சவர்க்காரம் போட்டு என் கையைக் கழுவினேன் என்பதையும் இங்கே எழுதுகிறேன். மறைத்து என்ன செய்ய?

இனித்தான் செய்தி.

இரண்டு மாதத்துக்கு முன் தர்சினி கோண்டாவிலில் மாமி வீட்டில் இருந்து போன் எடுத்தாள். உங்களுக்குப் பேரன் பிறந்தது தெரியாது. நீங்கள் போய் ஆறாம் மாதம் பிறந்தான். அவனுக்கு அப்போது மூன்று மாதம்.

"அம்மா, என்ர கையைப் பார்க்க அப்பான்ர கை மாதிரிக் கிடக்கு" என்றாள். "காலும் வெடிக்குது. பிள்ளை பிறந்த பிறகுதான்."

அவள் மெதுவாகச் சொன்னாள், "மாமி பிள்ளையைத் தூக்க வேண்டாம் எண்டுறா. பால் குடுக்கேக்கை மட்டும் கொண்டுவந்து தாறா. குடிச்சு முடிய வாங்கிப் போடுறா. எனக்கு வேறை கோப்பை வைச்சிருக்கிறா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மாமி சொல்லுறதும் சரிதானே பிள்ளை. கொஞ்ச நாளைக்குக் கவனமா இரு" என்றேன். பெற்ற பிள்ளைக்கு என் வாயால் அதைச் சொன்னேன். அவள் போனை வைத்தாள்.

மருமகன்தான் யாழ்ப்பாணத்துத் தோல் கிளினிக்குக்கு ஒழுங்கு செய்தான். தனக்கு லீவு கிடைக்கவில்லை, நீங்கள் கூடப் போங்கோ மாமி என்று என்னைக் கேட்டான். வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். வரிசையாகப் போட்ட வாங்குகளில் உட்கார்ந்திருந்த சனத்தைப் பார்க்க எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு எத்தனை பேர். ஊர்ச்சனம் கண்டுவிடும் என்று நான் பயந்த அந்த இடத்தில் எல்லோருமே அதே பயத்தோடு இருந்தார்கள்.

டொக்டர் தர்சினியிலும் கொஞ்சம் மூத்த பெண்பிள்ளை. இவளின் இரண்டு கையையும் வெறுங்கையால் வாங்கித் திருப்பிப் பார்த்தா. கையுறை போடவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நகங்களைப் பார்த்தா, முழங்காலைப் பார்த்தா, தலைமயிரை விலக்கிப் பார்த்தா. காலைத் தூக்கித் தன் மடியில் வைக்காத குறையாகப் பார்த்தா.

"இது சொரியாசிஸ். உள்ளங்கையிலையும் உள்ளங்காலிலையும் வாறது. உடம்புக்குள்ளை வாற ஒரு அழற்சி. குடும்பத்திலை ஆருக்கும் இருந்ததோ?"

"அப்பாவுக்கு இருந்தது" என்றாள் தர்சினி.

"பிள்ளைக்குத் தொத்துமோ டொக்டர்?" என்று நான் கேட்டேன்.

"இல்லை அம்மா. இது ஒருத்தரிலை இருந்து ஒருத்தருக்குத் தொத்தாது." மருந்து எழுதிக்கொண்டே சொன்னா. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்லுகிற வசனமோ.

"அப்ப தனிக் கோப்பை?"

இப்போது நிமிர்ந்தா. "ஏன் அம்மா?"

ஏன். பதினொரு வருடத்தில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. காதுக்குள் இரைந்தது. டொக்டர் தர்சினியிடம் மருந்து பூசுகிற விதத்தைச் சொல்லுவது தூரத்தில் யாரோ கதைப்பது போல இருந்தது. பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாமாம். மருந்து அவன் வாயில் படாமல் பார்த்துக்கொண்டால் போதுமாம். முற்றாகச் சுகமாகாதாம், ஆனால் அடக்கி வைக்கலாமாம். பிள்ளைப்பேறுக்குப் பிறகு சிலருக்கு இப்படிக் கிளம்புமாம்.

வெளிக்கிடும்போது டொக்டர் கேட்டா, "அப்பா இப்ப எப்பிடி இருக்கிறார்?"

"காலமாகிட்டார். நெஞ்சுவலி" என்றேன்.

பேனையை மேசையில் வைத்தா. "இது இருக்கிற ஆக்கள் பிரஷர், சீனி, இருதயம் எல்லாம் பார்த்துக்கொள்ள வேணும் அம்மா. அதனாலதான் அவர் போனவர் எண்டு சொல்லேலாது. ஆனால் இவ இப்ப இருந்தே பார்த்துக்கொள்ளட்டும். அப்பாவை இஞ்சை ஒருக்காவும் கூட்டிக்கொண்டு வரேல்லையோ?"

"இல்லை" என்றேன்.

வேறு என்ன சொல்ல? கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அவர் கேட்டவர், நான்தான் விடவில்லை என்று சொல்லவா?

கோண்டாவில் போய்ச் சேரும்வரை தர்சினி என்னோடு கதைக்கவில்லை. போனதும் சம்பந்தி அம்மாவிடம் டொக்டர் சொன்னதைச் சொன்னாள். சம்பந்தி கெட்டவ இல்லை. நான் எப்படியோ அவவும் அப்படித்தான்.

"டொக்டர்மார் அப்பிடித்தான் சொல்லுவினம்" என்றா. "சின்னப் பிள்ளை இருக்கிற வீடு. கொஞ்சம் கவனமா இருக்கிறதிலை என்ன பிழை? நீங்களே சொல்லுங்கோ அக்கா."

என் வாய்ச்சொல் அவவின் வாயிலிருந்து வந்தது. அதுவரை என் கண்ணிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அப்போதும் வரவில்லை. குசினிக்குள் போனேன். அங்கே தர்சினிக்கு மத்தியானச் சாப்பாடு தனிக் கோப்பையில் மூடி வைத்திருந்தது. எடுத்துக்கொண்டு வந்து அவளின் கையில் கொடுத்தேன்.

"குழைச்சு எனக்கு ஒரு வாய் தா பிள்ளை" என்றேன்.

அவள் திகைத்துப்போய்ப் பார்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, சோற்றையும் பருப்பையும் குழைத்து உருட்டி, என் உள்ளங்கையில் வைக்க வந்தாள். நான் வாயைத் திறந்தேன். வெடித்த அந்த விரல்களால் அவள் எனக்கு ஊட்டினாள். இரண்டாம் வாயும் வாங்கினேன். மூன்றாம் வாயும் வாங்கினேன். விழுங்கக் கஷ்டமாக இருந்தது. அது அவளின் கையால் இல்லை.

பிறகு சம்பந்தியிடம் சொன்னேன். "தர்சினியின்ர அப்பாவுக்கு இருந்தது இதுதான். நான் அவருக்குத் தனிக் கோப்பை வைச்சனான். வெளி அறையிலை படுக்க விட்டனான். பதினொரு வருசம். அது தொத்தாதெண்டு இண்டைக்குத்தான் எனக்குத் தெரியும். அவரிட்டைப் போய்ச் சொல்ல எனக்கு இனி வழியில்லை. உங்களுக்கு வழி இருக்கு."

சம்பந்தி முற்றத்துக்குப் போய் உடுப்புக் காயப்போட்டா. வெகுநேரம் காயப்போட்டா. பின்னேரம் பேரன் அழுதபோது அவனைத் தூக்கிக்கொண்டு வந்து தர்சினிக்குப் பக்கத்தில் நின்றா. "மருந்து பூசின கையாலை தூக்கலாமோ, இல்லாட்டி காய விட வேணுமோ?" என்று கேட்டா. அவ்வளவுதான். தர்சினி கையை நீட்டினாள். பால் குடித்து முடிந்தும் பிள்ளை அவளிடமே இருந்தான்.

நான் திரும்பி வர முன் தர்சினியிடம் கலியாணத்துக் கதையையும் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியாத ஒன்று அப்போதுதான் வெளியே வந்தது. நீங்கள் அவளிடம், தலைச்சுற்றாக இருக்கிறது, எல்லோருக்கும் முன்னால் நிற்க ஏலாது, மாமாவைச் செய்யச் சொல்லி நானே கேட்டேன் என்று சொல்லியிருக்கிறீர்கள்.

"நான் அதை நம்பேல்லை அம்மா" என்றாள். "அப்பாக்கு இந்தக் கலியாணம் விருப்பமில்லைப் போலை எண்டு நினைச்சனான். அவர் போகும் வரைக்கும் எனக்கு அவரிலை கோவம் இருந்தது."

என் பயத்தை நீங்கள் உங்கள் பேரில் எழுதிக்கொண்டீர்கள். பிள்ளையின் கோபத்தையும் வாங்கிக்கொண்டு போனீர்கள். ஒரு சொல் சொல்லியிருந்தால் என்ன? "உன்ர அம்மாதான் வேண்டாமெண்டவ" என்று ஒரு சொல்?

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கொஞ்ச நேரம் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள், "அப்பா ஒருக்காச் சொன்னவர். கொம்மா என்னை அருவருக்கிறேல்லை, பயப்பிடுறா, ரெண்டும் வேறை எண்டு."

இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய இடி. அதை எடுத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். தாம்போதியில் இரண்டு பக்கமும் கடல் கிடந்தது. ஒன்றையும் நான் பார்க்கவில்லை. அந்த வெளி அறையில் தனியாகப் படுத்துக்கொண்டு இரண்டும் வேறு என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டீர்களா? அங்கே படுத்திருக்கிறவருக்கு இரண்டும் வேறாகத்தான் தெரியுமா? எனக்குத் தெரியவில்லை. உங்களிடம்தான் கேட்க வேண்டும்.

இப்போதைய நிலைமை சொல்கிறேன். போன கிழமை இரண்டாம் தரம் கிளினிக்குக்குப் போனோம். தர்சினியின் கைத்தோல் இளகியிருக்கிறது. வெடிப்பு எல்லாம் மூடியிருக்கிறது. வலது குதிக்காலில் மட்டும் இன்னும் தடிப்பு. இடைக்கிடை திரும்ப வரும், வந்தால் பயப்படாமல் வாங்கோ என்று டொக்டர் சொன்னா. பிரஷர் பார்த்தது, சரியாக இருக்கிறது. சம்பந்தி இன்னும் பேரனைக் குளிப்பாட்ட அவளை விடுவதில்லை. சவர்க்காரம் கூடாதென்று டொக்டர் சொன்னதாகக் காரணம் சொல்லுகிறா. அது உண்மையும்தான். போகட்டும், அது மெல்ல மெல்ல வரும்.

அடுத்த மாதம் நீங்கள் போய் ஒரு வருடம் முடிகிற ஆட்டத் திவசம். தர்சினி வந்து நின்று சமைக்கப் போகிறாள். சாப்பிட வருகிறவர்கள் அவளின் கையைக் காண்பார்கள். கேட்டால் சொல்லுவேன். கேட்காவிட்டாலும் சொல்லுவேன். உங்களுக்கு என்ன இருந்தது, அதற்கு என்ன பெயர், அதற்கு நான் என்ன செய்தேன் என்று மூன்றையும் சொல்லுவேன். அண்ணையும் மச்சாளும் இருப்பார்கள். மணவறையில் நீங்கள் ஏன் நிற்கவில்லை என்பதையும் அவர்களுக்கு முன்னால் சொல்லுவேன்.

இன்னும் ஒன்று. இறங்குதுறையில் நண்டு உடைக்கிற சரசுவைத் தெரியும்தானே. இரண்டு கையிலும் சீலைத்துண்டு சுற்றிக்கொண்டு திரிகிறாள். நாலு மாதமாக ஒருவரும் அவளுக்கு வேலை கொடுப்பதில்லை. அவிழ்த்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன், மாட்டேன் என்றாள். நேற்று அவிழ்த்தாள். உங்களுடையது மாதிரி இல்லை, நீர்க்கொப்புளமாக இருக்கிறது. என்னவென்று எனக்குத் தெரியாது. டொக்டர் பார்க்கட்டும். சனம் காணும் என்று அவள் பயப்படுகிறாள். காணட்டும் என்றேன்.

வருகிற வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பஸ் மிதிபலகை உயரம், அவளுக்குக் கம்பியைப் பிடித்து ஏற ஏலாது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அவளின் கையைப் பிடித்துத்தான் ஏற்றுவேன். ஏற்றிவிட்டு என் கையைக் கழுவமாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற சத்தியம்.

நீங்கள் கைப்பிடித்தவள்,
மங்கை